கம்பியைப் பிடிக்காத கையைத் தூக்குங்க

எங்கள் மினி பஸ்ஸில் ஜன்னலை மூடுவதற்குக்கூடத் தேர்தல் நடக்கும். சென்னையில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. சாரல் அடித்தால் மற்ற பஸ்களில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் ஷட்டரை இறக்கிவிடுவார், கதை முடிந்தது. எங்கள் கண்டக்டருக்கு அது போதாது. விசிலை வாயிலிருந்து எடுப்பார். டிக்கெட் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். ஆடுகிற பஸ்ஸின் நடுவில் காலை அகட்டி நின்று அறிவிப்பார்.

"ஜன்னல மூடலாம்ங்கறவங்க கையத் தூக்குங்க. கம்பியப் புடிச்ச கை வேணாம், வுழுந்துருவீங்க. இன்னொரு கை!"

கை எண்ணும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை அழைப்பில் முன்னால் நடக்கிற மாமன் தோற்றுப்போவான். சீட்டுக்குச் சீட்டு விரலை நீட்டி, உதடு முணுமுணுக்க, கடைசி வரிசை வரைக்கும் போய்வருவார். மீன்கார அக்கா எப்போதும் இரண்டு கையையும் தூக்குவாள்.

"ஒரு ஓட்டுதான் ஒங்களுக்கு."

"ரெண்டு கூடை வச்சிருக்கேனே?"

"கூடைக்கு லக்கேஜ் போட்டாச்சு. கூடைக்கு ஓட்டு கெடையாது."

பஸ் முழுக்கச் சிரிக்கும். அதற்குள் சாரலில் ஜன்னலோரத்து ஆள் தொப்பலாக நனைந்திருப்பார். ஆனாலும் முடிவு அறிவிக்கும்வரை ஷட்டரில் கை வைக்க மாட்டார். அப்படிப் பழக்கி வைத்திருந்தார் எங்களை.

மினி பஸ்கள் புதிதாக ஓட ஆரம்பித்திருந்த காலம் அது. ஊருக்கு ஊர் எஸ்டிடி பூத், சுவருக்குச் சுவர் கம்ப்யூட்டர் சென்டர் விளம்பரம். வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூரிலோ சவுதியிலோ இருந்தார்கள். பஸ்ஸின் முதலாளி பாயே சவுதியில் வருடக்கணக்காக வெயிலில் காய்ந்துவிட்டுத் திரும்பியவர்தான். அந்த உழைப்பெல்லாம் சேர்ந்துதான் திருவாரூருக்கும் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கும் நடுவே இந்த மஞ்சள் பஸ்ஸாக ஓடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் மட்டும் எங்கும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டால், "எல்லாரும் வெளிநாடு போயிட்டா இங்க ஓட்டுப் போடறது யாரு?" என்பார்.

அவருக்கு ஓட்டு மேல் இவ்வளவு பித்து பிடித்ததற்குக் காரணம் உண்டு. பஞ்சாயத்துத் தேர்தல் வந்தபோது வார்டு மெம்பருக்கு நின்று படுதோல்வி அடைந்தவர். சொந்த மனைவியே தனக்குப் போடவில்லை என்பதை எங்களிடம் அவர்தான் சொன்னார், அதுவும் பெருமையாக. "எங்க வூட்டுல அம்மா யாருக்குப் போட்டாங்கன்னு நான் கேக்கல. கேக்கக் கூடாது. ஆனா எனக்கில்ல." ஊர் அவருக்கு ஒரு சபையைக் கொடுக்க மறுத்துவிட்டது. அவர் பஸ்ஸையே சபையாக்கிக்கொண்டார். பழைய பாட்டா புதுப் பாட்டா, ஓடி வருகிற ஆளுக்காக நிற்பதா வேண்டாமா, டீக்கடையில் நிறுத்தலாமா, எல்லாமே ஓட்டுக்கு வந்தது.

ஓட்டுக்கு வராத விஷயங்கள் என்று அவரிடம் சில இருந்தன. அவை ஒரே நாளில் வந்தவை அல்ல. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் பட்ட பாட்டில் வந்தது.

ஒரு நாள் பாட்டுக்கு ஓட்டெடுத்து, குத்துப்பாட்டு ஜெயித்து, ஸ்பீக்கர் அதிர்ந்துகொண்டிருந்தது. முன் சீட்டில் ஒரு டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா இறந்து காரியம் முடிந்து அன்றைக்குத்தான் முதல் நாள் வேலைக்குப் போகிறாராம். கண்டக்டருக்கு விஷயம் தெரிந்ததும் ஓடிப்போய் கேசட்டைப் பிடுங்கினார். "ஜெயிச்ச பாட்டு சார், எப்படி நிறுத்துவீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு பையன் கத்தினான். "ஜெயிச்சதுதான். ஆனா துக்கத்துல இருக்கறவங்க ஒருத்தர் இருந்தாலும் பாட்டு இல்ல. இனிமே இதுக்கு ஓட்டு கெடையாது" என்றார். மறுநாள் காலை பஸ் கிளம்பும்போதே அதை எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார்.

மீன்கார அக்கா விஷயம் இன்னும் மோசம். காலையில் திருவாரூர் மார்க்கெட்டுக்குப் போகும்போது அவள் கூடை காலியாகத்தான் இருக்கும். நாகப்பட்டினத்து மீன் வந்த பிறகுதான் நிரப்புவாள். ஆனால் வாசம் காலியாகுமா? சென்ட் அடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் கோர்ஸுக்குப் போகிற கூட்டம் ஒன்று, அவளை இறக்கிவிட ஓட்டு வைக்கச் சொன்னது. இவரும் பழக்க தோஷத்தில் வைத்துவிட்டார். கை எண்ணினார். எண்ணி முடித்ததும் முகம் செத்துப்போய்விட்டது. அக்கா யாரையும் பார்க்காமல் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"எறங்கிக்கறேன். ஒங்க ஓட்ட நீங்களே வச்சுக்குங்க."

அவர் படிக்கட்டுக்குக் குறுக்கே காலை நீட்டி மறித்தார். "ஒக்காருங்கக்கா. வச்சதே தப்பு. டிக்கெட் வாங்கினவங்கள எறக்கறதுக்கு ஓட்டு கெடையாது. இந்த பஸ்ல கெடையவே கெடையாது!" சென்ட் கூட்டம் அதற்குப் பிறகு ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவர் அதைப் பொருட்படுத்தவும் இல்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். அவரை நான் மறக்காமல் இருப்பதற்குக் காரணமே அதுதான்.

மெயின் ரோட்டிலிருந்து மதகு தாண்டி, வாய்க்கால் கரையோடு உள்ளே வந்தால் எங்கள் காலனி. பஸ் உள்ளே வந்து ரேஷன் கடை முன்னால் திரும்பி மறுபடி மெயின் ரோட்டுக்குப் போகும். முன்பெல்லாம் காலையில் அங்கே ஏற அடிதடியாக இருக்கும். அறுவடை மெஷின் வந்தது, வயலில் வேலை போயிற்று, ஆட்கள் குடும்பம் குடும்பமாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். என் அப்பாவும் அங்கேதான் இருந்தார். கடைசியில் எங்கள் ஸ்டாப்பில் நின்றது நான் ஒருத்தி.

எங்கள் தெருவிலிருந்து காலேஜுக்குப் போன முதல் பெண் நான். அதற்கு அம்மா போட்ட கண்டிஷன் ஒன்றே ஒன்று. "பஸ்ஸு தெருவுக்குள்ள வருது, அனுப்பறேன். வரலன்னா தையல் கிளாஸ்தான்." அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். மதகுப் பக்கம் பிராந்திக் கடை இருந்தது. கருவை மண்டிய அந்தக் கரையில் ஒரு பெண் தனியாக நடந்து போய் வருவதை எந்த அம்மாவும் விரும்ப மாட்டாள்.

பஸ் எங்களுக்காக உள்ளே வந்து போக ஒரு பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம்தான் வினையாயிற்று. ஒரு நாள் ரயில்வே கேட்டில் மாட்டி, தஞ்சாவூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் எல்லோரும் கோட்டை விட்டார்கள். கூட்டுறவுச் சங்கத்து கிளார்க் ஒருவர் எங்கள் பஸ்ஸில் தினமும் வருவார். சலவைச் சட்டை, சாப்பாட்டுப் பை, எந்த வாதத்தையும் எடுத்துக் கட்டிப் பேசுகிற வாய். மறுநாள் காலை மதகுத் திருப்பத்தில் பஸ் நின்றபோது அவர் எழுந்தார்.

"ஒரு பொண்ணுக்காக இத்தன பேரு லேட்டாவுறோம். ஓட்டு வைங்க."

கண்டக்டர் தயங்கியிருக்கிறார். டிக்கெட் வாங்கினவர்களை இறக்க ஓட்டில்லை என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். "அந்தப் பொண்ணு இன்னும் டிக்கெட்டே வாங்கலியே? பஸ்லயே இல்லியே? ஏறாத ஆளுக்கு என்ன உரிமை?" என்று கிளார்க் மடக்கியிருக்கிறார். கைகள் எழுந்தன. பஸ் நேராகப் போய்விட்டது.

நான் ரேஷன் கடை முன்னால் ஹார்ன் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வெயில் ஏறியது. அம்மா வந்து என் பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த பஸ்ஸை வாய்க்காலில் தள்ளியிருப்பேன்.

சாயங்காலம் திரும்புகிற ட்ரிப்பில் பஸ் உள்ளே வந்தது. என்ஜினை நிறுத்தாமல் டிரைவர் காத்திருக்க, கண்டக்டர் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். வாசலில் நின்று, மூச்சு வாங்க நடந்ததை அப்படியே ஒப்பித்தார்.

"ஓட்டுல தோத்துட்டோம் பாப்பா. கிளார்க் சாரு கேட்டதுக்கு எனக்குப் பதில் வரல."

"எங்கண்ணே தோத்தோம்? நான் நிக்கவே இல்லியே! எனக்கு ஓட்டு இருந்துச்சா? நான் இல்லாத எடத்துல என் ஸ்டாப்ப எடுக்க எத்தன கை தூக்கினா என்ன? நாளைக்கு அவரு ஸ்டாப்ப எடுக்கச் சொல்லி ஓட்டு வையுங்களேன், அவரு ஒத்துக்குவாரா?"

அம்மா நடுவில் புகுந்தாள். "நேரம் போவுதுங்கறதுதான் காரணமா, இல்ல, எங்க தெருவுக்குள்ள பஸ்ஸு வர்றதே காரணமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டும் இருக்கும்க்கா." பிறகு என்னைப் பார்த்தார். நான் கடைசியாகச் சொன்னது அவருக்குள் எங்கேயோ வேலை செய்துகொண்டிருந்தது. முகம் மெல்ல மெல்ல மலர்ந்து, கடைசியில் பல்லெல்லாம் தெரிந்தது. "நாளைக்கு வந்து நில்லு. பஸ்ஸு வரும்" என்று சொல்லிவிட்டு, குழந்தை மாதிரி குதித்துக்கொண்டு ஓடினார்.

மறுநாள் பஸ் வந்தது. உள்ளே எல்லா முகமும் உர்ரென்று இருந்தது. நான் ஏறினேன். பஸ் மெயின் ரோட்டுக்கு வந்ததும் அவர் விசிலை எடுத்துவிட்டு நடுவில் வந்து நின்றார்.

"நேத்து எடுத்த முடிவ நான் மீறிட்டேன், ஒத்துக்கறேன். ஆனா ஒரு ஸ்டாப்புக்கு மட்டும் ஓட்டு வச்சா அது ஞாயமாங்க? இன்னிக்கு எல்லா ஸ்டாப்புக்கும் வச்சுருவோம். வேண்டாத ஸ்டாப்பு எல்லாத்தையும் எடுத்துட்டா பஸ்ஸு பறக்கும். என்ன சொல்றீங்க?"

"அப்படிப் போடுங்க!" என்றார் கிளார்க்.

"ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஓட்டு கெடையாது. மத்ததெல்லாம் வரலாம். மொதல்ல ரைஸ் மில். அங்க எறங்கறவங்க கொஞ்சப் பேருதான். வேணாம்ங்கறவங்க கையத் தூக்குங்க. கம்பியப் புடிக்காத கை!"

கைகள் எழுந்தன. ரைஸ் மில் பெண்கள், "ஏய் ஏய், எங்க ஸ்டாப்பு!" என்று கத்தக் கத்த, விசில் ஊதினார். டிரைவர் வேகம் குறைக்காமல் மில்லைத் தாண்டினார். பஸ் முழுக்க ஒரே சிரிப்பு. அடுத்து பள்ளிக்கூடம். தோற்றுப்போன மில் பெண்கள்தான் இப்போது முதலில் கை தூக்கினார்கள். பள்ளிக்கூட வாசலில் நின்ற பிள்ளைகள், தங்கள் டீச்சர்கள் ஜன்னல் வழியே கையை ஆட்டிக்கொண்டே போவதை வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் மட்டும் பஸ் ஒழுங்காக நின்றது. நர்ஸம்மா, "நல்லவேளை" என்று முனகிக்கொண்டே இறங்கினார்.

பிறகு கடைத்தெரு. கூட்டுறவுச் சங்கம் அங்கேதான். கண்டக்டர் ஸ்டாப் பெயரைச் சொல்லி முடிக்கவில்லை, டீச்சர்களும் மில் பெண்களும் கையைத் தூக்கிவிட்டார்கள். மீன்கார அக்கா வழக்கம்போல இரண்டு கை. நானும் தூக்கினேன். பெருமையோடு சொல்கிறேன், என் கைதான் எல்லாவற்றிலும் உயரம்.

"யோவ், என்னய்யா இது! நிறுத்துய்யா! மேனேஜர் நிக்கிறாருய்யா!"

மேனேஜர் சங்கத்து வாசலில்தான் நின்றார். சாவி கிளார்க்கிடம். உர மூட்டைக்காகக் காத்திருந்த கூட்டமும், மேனேஜரும், பூட்டிய கதவும் எங்கள் ஜன்னலைக் கடந்து பின்னால் போயின. அடுத்து என் காலேஜ் ஸ்டாப்புக்கும் ஓட்டு வந்தது. இருந்த உற்சாகத்தில் நானே அதற்கும் கை தூக்கிவிட்டேன்!

பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் எல்லோரையும் மொத்தமாக இறக்கினார். தஞ்சாவூர் பஸ் பிடிக்கிறவர்களைத் தவிர ஒருவர்கூட இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. ஒரே கூச்சல். கிளார்க் கண்டக்டர் சட்டையைப் பிடிக்காத குறை.

"இது அக்கிரமம்! ஒருத்தன் எறங்கற எடமா இருந்தா நிறுத்தக் கூடாதா? நானும் மனுசன்தானே?"

"இதத்தான் சார் அந்தப் பொண்ணு நேத்து எங்கிட்ட கேட்டுச்சு. உங்ககிட்ட சொல்ல எனக்கு வாயில்ல. அதான் காட்டினேன்." அவர் கும்பிட்டார். "திரும்பற ட்ரிப்புல எல்லாரையும் கொண்டு வுட்டுடறேன். கோவிச்சுக்காதீங்க. ஒரு ஸ்டாப்பத் தனியாப் புடிச்சு ஓட்டு வச்சா எந்த ஸ்டாப்பும் ஜெயிக்காது. இனிமே ஸ்டாப்புக்கு ஓட்டு இல்ல."

கிளார்க் என்னை ஒரு முறை பார்த்தார். நான் பார்வையைத் திருப்பவில்லை.

விஷயம் பாயிடம் போயிற்று. பாய் நேரில் வந்து, "பஸ்ஸு ஓட்டச் சொன்னா பார்லிமெண்ட்டு நடத்துறியா?" என்று எல்லோர் முன்னாலும் காய்ச்சி எடுத்தார். ஒரு வாரம் வேலை கிடையாது என்று வீட்டுக்கு அனுப்பினார். மாற்றாக வந்த கண்டக்டர் யாரையும் எதையும் கேட்கவில்லை. அவனுக்குப் பிடித்த கேசட் ஒன்றே ஒன்றுதான் வாரம் முழுக்க ஓடியது. புழுக்கத்தில் ஷட்டரை இறக்கினான், மழையில் ஏற்றினான். பஸ் மட்டும் எங்கள் தெருவுக்குள் ஒழுங்காக வந்தது. வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. வாரக் கடைசியில் பாயிடம் போய், "பழைய ஆளையே போடுங்க பாய், இவன்கிட்ட மனுசன் வர முடியாது" என்று முறையிட்டவர்களில் கிளார்க்கும் ஒருவர் என்று கேள்விப்பட்டபோது என்னால் நம்பவே முடியவில்லை.

கண்டக்டர் திரும்பி வந்தார். வந்த அன்றே, அவர் திரும்பி வந்தது சரியா தப்பா என்று ஓட்டு வைத்தார். ஜெயித்தார். வாழ்க்கையில் அவர் ஜெயித்த ஒரே தேர்தல் அதுதான் என்று நினைக்கிறேன்.

பஸ் தவறாமல் வந்ததால் எங்கள் தெருவில் இன்னும் சில அம்மாக்களுக்குத் தைரியம் வந்தது. அடுத்த ஜூனில் என்னோடு சேர்ந்து நின்றவர்கள் ஒரு சிறு கும்பல். வழியிலும் காலேஜ் பெண்கள் ஏற ஆரம்பித்தார்கள். கடைசி வருடத்தில் பஸ்ஸே எங்கள் கையில் இருந்தது. என்ன பாட்டு, எந்த ஜன்னல், எல்லாம் நாங்கள் வைத்ததுதான் சட்டம். அந்தச் சுகத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

பரீட்சை நாள் ஒன்று. பாழாய்ப்போன ரயில்வே கேட்டில் சரக்கு ரயிலுக்காக நின்று நின்று நேரம் போய்விட்டது. மணி அடித்தால் ஹாலுக்குள் விட மாட்டார்கள். அந்தப் பரீட்சை போனால் எனக்கு ஒரு வருடமே போனது, அடுத்த வருடம் படிக்க வைக்க அப்பாவால் முடியாது. புதிதாகப் போட்ட பைபாஸில் போனால் காலேஜ் வாசலிலேயே போய் நிற்கலாம். கடைத்தெரு ஒன்றுதான் விட்டுப்போகும். அன்றைக்குக் கடைத்தெருவில் இறங்க பஸ்ஸில் இருந்தது ஒரே ஒரு ஆள். சலவைச் சட்டை, சாப்பாட்டுப் பை.

"பைபாஸ்ல விடுங்கண்ணே! ஓட்டு வைங்க! வேணும்னா ஓட்டு வைங்க!"

கத்தியது நான்தான். கத்தி முடிப்பதற்குள் கும்பல் முழுக்கக் கையைத் தூக்கியது. கம்பியைப் பிடித்த கை, பிடிக்காத கை, ஹால் டிக்கெட் பிடித்த கை. பைபாஸ் பிரிகிற இடம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். கண்டக்டர் அங்கிருந்த கைகள் எதையும் எண்ணவில்லை. என்னை மட்டும் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்ததோ, வேர்வையோ, தெரியாது.

"நீயா பாப்பா கேக்குற?"

என் கை தானாகக் கீழே வந்தது. என்னைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக இறக்கினார்கள். பரீட்சை போயிற்று என்றுதான் நினைத்தேன். அழுதுவிடுவேன் போல இருந்தது. ஹால் டிக்கெட்டை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

"மன்னிச்சுக்கம்மா. ஒங்க பரீட்சை எனக்குத் தெரியாததா? ஆனா அது அவரு ஸ்டாப்பு. அத நாம எடுக்க முடியாது." விசிலை வாயில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கம் திரும்பினார்.

முன் சீட்டிலிருந்து கிளார்க் எழுந்தார். ஆடுகிற பஸ்ஸில் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்தார். பைபாஸில் இறங்கினால் அந்த வெயிலில் கடைத்தெரு வரை அவர் திரும்பி நடக்க வேண்டும். எங்களை அவர் பார்க்கவில்லை. கண்டக்டரைத்தான் பார்த்தார்.

பிறகு, கம்பியைப் பிடிக்காத கையைத் தூக்கினார்.